டார்லிஸ் நின்ற மூலை

ஓக் ஃபோர்க் ஊரில் வளர்ந்த யாருக்கும் டார்லிஸ் ஹௌகனைத் தெரியாமல் இருக்காது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் என்ன கூச்சல் வந்தாலும் திரும்பமாட்டாள், கத்தமாட்டாள். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். இன்றைக்குச் சொந்தமாகச் சோள நிலமும் டிராக்டரும் வைத்திருக்கிற பெரிய ஆட்கள்கூட அந்தப் பார்வையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கும்போதே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அரசியலில் அவள் தலையிட்டதே இல்லை. நவம்பரில் ஓட்டுப் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் கோயிலில் பாடுவாள், கோடையில் தக்காளியைப் புட்டியில் அடைப்பாள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்காரர்கள் கூடும் காக்கஸ் கூட்டமெல்லாம் பேச்சில் ருசி கண்டவர்களுக்கு என்று விட்டுவிடுவாள். புருஷன் வெர்லின் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை உரக்கப் படிப்பது அவன் வழக்கம். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாதியைக் காதில் வாங்குவாள்.

அப்படி இருந்தவளை மாற்றியது ஒரு பனிப்புயல்.

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஆஸ்பத்திரியில் அந்த வருடம் பிரசவப் பிரிவை மூடினார்கள். பிரசவங்கள் குறைந்துவிட்டன, டாக்டர் கிடைக்கவில்லை, கட்டுப்படியாகவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஆல்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்ளலாம் என்றார்கள். ஆல்டனுக்கு வெயில் காலத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே குளிர்காலத்தில் டார்லிஸின் மருமகள் ஷௌனாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி கண்டது. மகன் கர்ட் லாரியோடு பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் மாட்டிக்கொண்டிருந்தான். ஊரில் இருந்த ஒரே ஆம்புலன்ஸும் வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. டார்லிஸ் தன் பழைய வண்டியில் மருமகளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கெஸ்லர் பன்றிக் கொட்டகைகளைத் தாண்டியதும் ரோடு தெரியவில்லை. காற்று பனியை வாரி வாரி ரோட்டின் குறுக்கே கரை கட்டியிருந்தது. வண்டி அதில் மூக்கைச் சொருகி நின்றுவிட்டது. அங்கேதான், பின்சீட்டில், டார்லிஸின் கோட்டின் மேல், குழந்தை லின்னியா பிறந்தாள். குழந்தை நன்றாக அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. பனி தள்ளும் வண்டிக்காரன் ஒருவன் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து வழி திறந்துகொடுத்து முன்னால் போனான். ஆல்டனில் ஷௌனாவின் உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

ஷௌனா தேறி வீட்டுக்கு வந்தபிறகு டார்லிஸ் ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்குப் போனாள். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள்தான்.

"உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது டார்லிஸ். ஆனா நம்பரைப் பாத்தா வேற வழியே இல்ல" என்றார் தலைவர்.

"சரி. இந்தக் கவுண்டியில பொறக்கப் போற பிள்ளைங்களை எங்க பொறக்கச் சொல்றீங்க?"

தலைவர் தாளைப் புரட்டினார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். வாகன நிறுத்துமிடத்துக்குப் புதிதாகத் தார் போடுவது பற்றி.

மறு வருடம் கோடை வந்தது. அதோடு கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக ஆசைப்பட்டவர்களும் வந்து இறங்கினார்கள். எங்கள் அயோவா மாநிலம்தான் முதலில் தீர்ப்புச் சொல்லும் என்பதால், பெரிய மாநிலங்களுக்குப் போவதற்கு முன் எங்கள் சந்தைகளில் பன்றி வறுவல் தின்று, எங்கள் கையைக் குலுக்கியாக வேண்டும் என்பது அவர்கள் தலையெழுத்து.

"டீசல் போட்டுட்டு நிக்கறேன். ஒருத்தன் வந்து கையைப் புடிச்சுக் குலுக்கறான்" என்றான் வெர்லின். "யாருன்னு பாத்தா, ஜனாதிபதி ஆகப் போறானாம். பாவம், அந்த நாத்தம் போக ரெண்டு நாள் ஆகும்."

டார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தவன் எங்க வரான்னு அந்தப் பேப்பர்ல பாரு" என்றாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவள் போனாள். தீயணைப்பு நிலையம், நூலகம், சாப்பாட்டுக் கடை, எங்கே கூட்டமோ அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்குவாள். நிர்வாகக் குழுவிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்பாள். முன்னணியில் இருந்த செனட்டர் கால்வின் டிரெஸ்கோ நல்ல உயரம், நல்ல குரல். "மிக முக்கியமான கேள்வி" என்று ஆரம்பித்து, ஒரு குழு அமைப்பேன் என்று முடித்தார். மேயர் பெல் என்ற இளைஞர் அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு அடுத்த கைக்குப் போனார்.

பிறகு கவர்னர் ரூத் ஹேவர்மன் வந்தார். ஒல்லியான அம்மாள், அறுபது இருக்கும், கூட்டத்தில் பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். டார்லிஸின் கேள்வியைக் கேட்டதும் அதைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியல" என்றார். "என் மாநிலத்துலயும் இதே மாதிரி நிறைய ஊர்ல மூடினாங்க. நான் கையெழுத்துப் போட்ட பட்ஜெட்லதான் மூடினாங்க. அப்ப எனக்கு அது ஒரு வரி, அவ்வளவுதான்."

பின்னால் நின்ற அவருடைய ஆட்களில் ஒருவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் கவர்னர் நேராக டார்லிஸிடம் வந்தார். "அந்த ரோட்டைக் காட்டுவீங்களா?"

"என் வண்டியிலதான் போகணும். உள்ள நாய் முடி இருக்கும்."

"என் வீட்டுல ரெண்டு நாய் இருக்கு."

இரண்டு பேரும் கிளம்பினார்கள். கவர்னரின் ஆட்கள் தங்கள் காரில் பின்னாலேயே வந்தார்கள். கெஸ்லர் கொட்டகைக்கு அப்பால் டார்லிஸ் வண்டியை ஓரங்கட்டினாள். கோடையில் அது வெறும் ரோடு. இரண்டு பக்கமும் ஆளுயரச் சோளம், பன்றி வாடை, வெட்டுக்கிளிச் சத்தம். கவர்னர் இறங்கி நின்றார். டார்லிஸ் நடந்ததைச் சொன்னாள். ரத்தத்தைப் பற்றிச் சொன்னாள், யாரிடமும் அதுவரை சொல்லாததையெல்லாம் சொன்னாள். கவர்னர் ஆறுதல் சொல்லவில்லை. திரும்பி வரும்போது மட்டும், "நான் போட்ட கையெழுத்தால எத்தனை பேரு இப்படி ரோட்டுல நின்னாங்களோ" என்றார்.

அன்றைக்கே டார்லிஸ் முடிவு செய்துவிட்டாள். அடுத்த வாரம் ஹேவர்மனின் பெயர் எழுதிய பலகை அவள் வீட்டு முன் புல்தரையில் ஏறியது. எங்கள் ஓட்டு வட்டத்துக்கு ஹேவர்மன் அணியின் கேப்டன் அவள்தான் என்றும் ஆயிற்று.

"நீ கேப்டனா?" என்று சிரித்தாள் கரோல் வெஸ்ட்ஃபால். கோயில் பாட்டுக்குழுவில் இருபது வருடமாக டார்லிஸுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவள், டிரெஸ்கோ அணியின் கேப்டன். "அந்த அம்மாவுக்கு டிவியில நேராப் பாக்கக்கூடத் தெரியாதுடி."

"உன் ஆளுக்குப் பாக்க மட்டுந்தான் தெரியும். நீ சுருதியைப் பாத்துப் பாடு."

வீடு வீடாகப் போனாள். பெரும்பாலான கதவுகளைத் திறந்தவர்கள் அவள் பேருந்தில் போனவர்கள். "உள்ள வாங்க மிஸஸ் ஹௌகன்" என்று தானாகவே தொப்பியைக் கழற்றினார்கள். அவள் உள்ளே போகமாட்டாள், வாசலில் நின்றே பேசுவாள். எதிர்த்துப் பேசியவர்களிடம் சண்டைக்குப் போகமாட்டாள். சரி என்று போய்விட்டு அடுத்த வாரம் மறுபடியும் வந்து நிற்பாள். மரம் இலை உதிர்த்து, சோளம் அறுவடையாகி, முதல் பனி விழுந்தபோது கருத்துக்கணிப்பில் டிரெஸ்கோவும் ஹேவர்மனும் சரிக்குச் சரியாக வந்துவிட்டார்கள். வெர்லின் தினமும் காலையில் அதை மட்டும் முதலில் படித்தான். ஒரு நாள் இவர் முன்னால், மறுநாள் அவர் முன்னால். டார்லிஸ் காப்பியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்பாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவள் முதுகைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்த விவாத நிகழ்ச்சி வந்தது. நாடு முழுக்கப் பார்த்த நிகழ்ச்சி. ஆஸ்பத்திரிகள் பற்றிக் கேள்வி வந்ததும் கவர்னர் ஹேவர்மன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன ஊர், ஒரு பனிப்புயல், ஒரு மாமியார், பின்சீட்டில் ஒரு பிரசவம் என்று சொன்னார். இனி அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்பதையும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஓக் ஃபோர்க்கில் பெயர் யாருக்குத் தேவை? மண்டபமே எழுந்து கை தட்டியது. மறுவாரக் கணிப்பில் ஹேவர்மன் தெளிவாக முந்திவிட்டார்.

வெர்லின் அதைப் படித்து முடிப்பதற்குள் ஷௌனா சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மளிகைக் கடையில் கல்லாவில் வேலை செய்பவள், அந்தச் சீருடையோடேயே வந்திருந்தாள்.

"ரொட்டி வாங்க வர்றவங்க எல்லாம் என் வயித்தைப் பாக்கறாங்க" என்றாள். "கெஸ்லர் வீட்டுப் பாட்டி என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுவுது. நான் சில்லறை கொடுக்கணும், பின்னாடி வரிசை நிக்குது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஷௌனா..."

"அது என் உடம்பு, டார்லிஸ். உங்க பிரச்சாரம் இல்ல."

முப்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியவள், தன் வீட்டுப் பெண்ணைத் தானே ஊர் நடுவில் நிறுத்திவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "தப்புதான். நான் கேட்டிருக்கணும்" என்றாள். ஷௌனா தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

டார்லிஸ் ஹேவர்மனின் பிரச்சார அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவன் உற்சாகமாகப் பேசினான். அந்தக் கதைதான் தேர்தலையே திருப்பிப் போட்டிருக்கிறது என்றான்.

"அதை இனிமே சொல்லக்கூடாது" என்றாள் டார்லிஸ்.

"மேடம், பெயரே சொல்லலையே. காக்கஸுக்கு இன்னும் ஆறு வாரம்தான்..."

"சொன்னீங்கன்னா இந்த வட்டத்துக்கு வேற கேப்டன் பாத்துக்கங்க. கவர்னர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க."

மறுநாள் கவர்னரே கூப்பிட்டார். நீளமாகப் பேசவில்லை. "எனக்கு அது தோணியிருக்கணும், தோணல. இனி என் வாயில அது வராது. அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க."

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். கடைசி விவாதத்தில் டிரெஸ்கோவே, "பனிப்புயல் கதை சொன்னீங்களே, அது உண்மையா, கட்டுக்கதையா? இப்ப ஏன் அதைப் பத்திப் பேச மாட்டேங்கறீங்க?" என்று நேருக்கு நேர் கேட்டார். ஹேவர்மன், "அது என் கதை இல்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். பத்திரிகைக்காரர்கள் அவரைக் கிழித்துவிட்டார்கள். முந்தியிருந்த தூரமெல்லாம் ஒரே வாரத்தில் கரைந்துபோயிற்று.

"போச்சு" என்றான் வெர்லின், செய்தித்தாளை மடித்து.

"என்ன போச்சு? பூட்ஸை எடு. மேற்கு ரோட்டுல இன்னும் எட்டு வீடு பாக்கி இருக்கு" என்றாள் டார்லிஸ்.

காக்கஸ் நாள் மாலை பனி தூறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் ஆட்கள் கோட்டை உதறிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ஒரு மேசையில் காப்பியும் வீட்டில் செய்த சாக்லேட் துண்டுகளும் வைத்திருந்தார்கள். எங்கள் காக்கஸில் ரகசியச் சீட்டெல்லாம் கிடையாது. யாருக்கு ஆதரவோ அவருடைய மூலையில் போய் நிற்க வேண்டும், அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் பார்க்க. ஒரு மூலையில் ஆள் போதாவிட்டால் அந்த மூலை கலைந்து, அங்கிருப்பவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது சும்மா உட்காரலாம். அடுத்த கட்ட மாநாட்டுக்கு எங்கள் வட்டத்திலிருந்து ஐந்து பிரதிநிதிகள். அதிக ஆள் நிற்கும் மூலைக்கு மூன்று, மற்றதற்கு இரண்டு.

டார்லிஸ் வடக்கு மூலையில் கூடைக்கம்பத்துக்குக் கீழே நின்றாள். எதிர் மூலையில் கரோல். நடுவில் பெல்லின் சின்னக் கூட்டம், அதற்குத் தலைவன் விதை வியாபாரி லீலண்ட் புரூக்மன். கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு ஷௌனா உள்ளே வந்தாள். வடக்கு மூலையில் இருந்தவர்கள் விலகி இடம் விட்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக நடந்து போய்க் கரோலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

வெர்லின் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தான். டார்லிஸ் அசையவில்லை.

ஒவ்வொரு மூலைக்கும் ஒருவர் பேசலாம். டார்லிஸ் முன்னால் வந்தாள்.

"கவர்னர் ஹேவர்மன் ஒரு தப்புப் பண்ணினாங்க. அதை எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டாங்க" என்றாள். "நான் எத்தனையோ பேர்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுப் பாத்துட்டேன். தெரியலன்னு சொன்னது இவங்க ஒருத்தர்தான். தெரியாதவங்களுக்குத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருக்கும். அதனால நான் இங்க நிக்கறேன். வர்றவங்க வாங்க."

அவ்வளவுதான். புயலைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. கரோல் அவளைவிட நன்றாகவும் நீளமாகவும் பேசினாள்.

முதல் எண்ணிக்கையில் டிரெஸ்கோ மூலை கொஞ்சம் முன்னால். பெல் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. அவர்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் வெற்றி. கரோலும் டார்லிஸும் ஒரே நேரத்தில் லீலண்டை நோக்கி நடந்தார்கள்.

லீலண்ட் பன்னிரண்டு வருடமாக டார்லிஸிடம் பேசுவதில்லை. அவன் மகன் டிராய் பேருந்தில் ஒரு சின்னப் பெண்ணின் செருப்பை ஜன்னல் வழியாக எறிந்தான் என்று அவனை ஒரு மாதம் ஏற்ற மறுத்துவிட்டாள். அறுவடை நேரத்தில் வேலையை விட்டுவிட்டு லீலண்டே தினமும் மகனைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

"என்ன, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றான் லீலண்ட்.

"மன்னிப்புக் கேக்க வரல, லீலண்ட். அவன் நாளைக்கு அதையே பண்ணினாலும் நாளைக்கும் ஏத்தமாட்டேன். உன் ஆளுங்களை என் மூலைக்கு வரச் சொல்லு."

"நல்லா கூப்பிடறடி நீ!" லீலண்ட் பெரிதாகச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "உன் மருமகளே அந்தப் பக்கம் நிக்கறா. அவளைக் கூப்பிட முடியல, என்னைக் கூப்பிட வந்துட்ட" என்றான்.

டார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ எங்க நிக்கணுங்கறது அவ இஷ்டம்" என்றாள். "எந்த மூலையா இருந்தா என்ன, நிக்கறதுக்கு உயிரோட இருக்கா. எனக்கு அது போதும்."

லீலண்டின் சிரிப்பு அடங்கிற்று. லீலண்டின் மனைவி ஜானெல் தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க போற?" என்றான் லீலண்ட்.

"அந்த மூலைக்கு."

"நான் இன்னும் முடிவு பண்ணல."

"நீ பண்ணிட்டு மெதுவா வா."

ஜானெல் போனதும் பெல் கூட்டத்தில் பாதிக்கு மேல் அவள் பின்னால் போனது. சிலர் கரோல் பக்கம் போனார்கள். லீலண்ட் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான். இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். கடைசி நேரம் என்று அறிவித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

மறுபடி எண்ணினார்கள். ஒருதரம் எண்ணியது போதாமல் இன்னொரு தரம் எண்ணினார்கள். டிரெஸ்கோ மூலையில் ஒரே ஒரு ஆள் அதிகம்.

அந்த ஒரு ஆள் யார் என்று கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று எல்லாரும் முயற்சி செய்தார்கள். டார்லிஸ் எதிர் மூலைக்கு நடந்துபோய்க் கரோலின் கையைக் குலுக்கினாள். பிறகு ஷௌனாவிடம், "உன் காரை எடுக்காத, ரோடு சறுக்குது. என்கூட வந்துடு" என்றாள். வெர்லின் நாற்காலிகளை மடித்து வைக்க உதவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்தங்கினான். அவனுக்கு எப்போது பின்தங்க வேண்டும் என்று தெரியும்.

வண்டி மெதுவாகப் போனது. கண்ணாடி துடைக்கும் சத்தம் மட்டும்.

"நீங்க என்னைக் கூப்பிடவே இல்ல" என்றாள் ஷௌனா.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

ஷௌனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டார்லிஸுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் ஷௌனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க பேசும்போது அதைச் சொல்லிடுவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"தெரியும்."

"எனக்கு அந்த அம்மா மேல கோவம் இல்ல. ஒரு தடவையாவது நானே போய் ஒரு பக்கம் நிக்கணும்னு இருந்துச்சு. என்னைக் கொண்டுபோய் நிறுத்தாம."

"நின்னுட்ட."

"நின்னுட்டேன்." கொஞ்ச தூரம் போனபிறகு ஷௌனா மறுபடி சொன்னாள்: "டார்லிஸ், அந்த வார்டை மூடினது வாஷிங்டன்ல இருக்கறவங்க இல்ல. ஏழு பேரு. ஏழு பேரும் நம்ம கடையிலதான் பால் வாங்கறாங்க. நவம்பர்ல அதுல மூணு இடத்துக்குத் தேர்தல் வருது. நீங்க நின்னீங்கன்னா, அதுக்கு நானே வந்து பேசறேன். என் கதையை நானே சொல்றேன்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபிறகுதான் டார்லிஸ், "மூணு இடமா?" என்று கேட்டாள்.

எங்கள் மாநிலத்தை டிரெஸ்கோ மயிரிழையில் எடுத்தார். அடுத்த மாநிலத்தை ஹேவர்மன் எடுத்தார். அதிலிருந்து ஜூன் வரை இழுபறிதான். ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பில் தெற்கில் அவர், அடுத்ததில் மேற்கில் இவர். டார்லிஸ் ஒன்றையும் விடவில்லை. அடுத்த மாநிலங்களில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுப் பேசினாள். "நான் அயோவாவுலேர்ந்து பேசறேன், பள்ளிப் பேருந்து ஓட்டினவ" என்று தொடங்குவாள். பாதிப் பேர் அதைக் கேட்டதும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோடையில் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகளை எண்ணியபோது டிரெஸ்கோ சின்ன வித்தியாசத்தில் வேட்பாளரானார். ஹேவர்மன் மேடையேறித் தோல்வியை ஒத்துக்கொண்டு பேசுவதை டார்லிஸ் வீட்டில் நின்றபடியே பார்த்தாள். அவர் பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலை வாசலில் இருந்த பலகையைப் பிடுங்கி, வெள்ளையடித்து, அதில் தன் பெயரை எழுதினாள்.

அந்த நவம்பருக்காக இன்னொரு முறை வீடு வீடாகப் போனாள். இந்த முறை ஷௌனா கூடப் போனாள். சில வீடுகளில் ஷௌனா பேசினாள், சில வீடுகளில் பேசவில்லை. எங்கே பேசுவது என்பதை அவளே பார்த்துக்கொண்டாள். ஜானெல் புரூக்மன் தன் காரில் தெற்கு ரோடு முழுவதையும் முடித்தாள். கரோல், டிரெஸ்கோவின் பலகைக்குப் பக்கத்தில் டார்லிஸின் பலகையையும் நட்டாள். "சுருதி சேரலன்னாலும் ஒரே பாட்டுதானடி" என்றாள். லீலண்ட் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய விதைக் கிடங்கின் சுவரில் ஒரு பலகை இருந்தது. அதை ஜானெல்தான் மாட்டினாள் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டான்.

டார்லிஸ் ஜெயித்தாள். மூன்று இடங்களில் ஒன்றை எடுத்தாள். மற்ற இரண்டும் பழைய ஆட்களுக்கே போயிற்று. முதல் கூட்டத்திலேயே பிரசவப் பிரிவைத் திறக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். ஆறுக்கு ஒன்று என்று தோற்றது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கொண்டுவந்தாள். தலைவர் பெருமூச்சுவிட்டு, "ஒவ்வொரு மாசமும் இதே கதையா டார்லிஸ்?" என்றார்.

"ஒவ்வொரு மாசமும் பிள்ளை பொறக்குதே" என்றாள்.

சும்மா தீர்மானம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆல்டன் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். வேறு கவுண்டிகளில் மருத்துவச்சிகளை வைத்துச் சிறு அளவில் எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரித்து வந்தாள். அடுத்த தேர்தலில் கரோலை நிற்கவைத்தாள், அதற்கடுத்ததில் ஜானெலை. எதிர்த்த ஆறு பேர் ஐந்தாகி, நான்காகி, ஒரு மார்ச் மாதம் மூன்றானார்கள். பழைய அளவில் ஒரு வார்டு வரவில்லை. இரண்டு அறைகள், இரண்டு மருத்துவச்சிகள், அவசரத்துக்கு ஆல்டனிலிருந்து வந்து இறங்கும் ஒரு டாக்டர், அவ்வளவுதான். திறப்பு விழாவில் பேசச் சொன்னார்கள். டார்லிஸ் முடியாது என்றுவிட்டாள். ஷௌனா பேசினாள், கையில் தாள் எதுவும் இல்லாமல். பேசும்போது இரண்டு தரம் நின்றாள், இரண்டு தரமும் யாரும் கை கொடுக்காமலே மறுபடி ஆரம்பித்தாள்.

டார்லிஸுக்கு இப்போது எழுபத்தைந்து. இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாள். இந்த வருடம் கண் மருத்துவரை வாரம் ஒருமுறை வரவழைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். போன கூட்டத்தில் நான்குக்கு மூன்று என்று தோற்றாள். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது, யார் அந்த நாலாவது ஆள் என்று தனக்குத் தெரியும், அவர் வீட்டு வாசலில் நாளைக்குக் காலையில் போய் நிற்கப் போகிறேன் என்று வெர்லினிடம் சொன்னாளாம்.